பின்கதவு எழும்பினாத்தான் கடை

எங்கட வானின்ர பின்கதவு வெறும் கதவில்லை. அது மேல எழும்பினாத்தான் என்ர மனிசியின்ர கடை திறக்கும். கதவுதான் கூரை, அதுக்குக் கீழ இருக்கிற பலகைதான் மேசை. பின்னேரம் அஞ்சு மணிக்கு இன்னர் ஹாபர் ரோட்டில வானை விட்டு, ஸ்விச்சை அமத்திக் கதவைத் தூக்கினா, ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் எல்லாம் சனத்தின்ர கண்ணுக்கு நேர வந்து நிக்கும். நான் அந்தக் கடையின்ர ட்றைவர். வேற பொறுப்பு ஒண்டும் அவ எனக்குத் தரேல்லை, காரணமும் கேக்காதேங்கோ.

ஒரு நாள் துறைமுக வாசலுக்குக் கிட்ட ஒரு லொறி பின்னுக்கு வந்து அந்தக் கதவை நசுக்கிப் போட்டுது. கிண்ணியாவில கராஜ் வைச்சிருக்கிற என்ர கூட்டாளிதான் தகடு தட்டி, பெயின்ற் அடிச்சு, ரெண்டு கிழமையில தந்தவன். வான் புதுமாப்பிள்ளை மாதிரி லிங்கநகரில எங்கட வீட்டுக்கு வந்து சேந்துது. அடுத்த நாள் காலமை ஸ்விச்சை அமத்தினன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பவும் அமத்தினன். அதே மரியாதைதான்.

அண்டைக்குப் போயா, பௌர்ணமி லீவு நாள். பின்னேரம் ரோட்டு நிறையச் சனம் வரும். அதைவிடப் பெரிய கதை என்னெண்டா, ரெண்டு கிழமையா வெறுமையாக் கிடந்த எங்கட இடத்தில ஒரு ஜூஸ் வான்காரர் கண் வைச்சிட்டார். நீங்கள் போயாவுக்கும் வராட்டி நான் அதில விடட்டோ எண்டு மனிசியிட்ட நல்ல மரியாதையாக் கேட்டிருக்கிறார். அவவும், ஓம், வராட்டி விடுங்கோ எண்டு சொல்லிப் போட்டா. சொன்ன சொல்லை மாத்துற ஆள் இல்லை அவ. கதவு திறக்காட்டி இடம் போச்சு.

வானுக்குள்ளால ஊர்ந்து போய், ஸ்குறூட்றைவரால பூட்டை இழுத்தால் திறக்கும்தான். நான் அப்பிடித்தான் திறந்து பாத்தனான். என்ர வயித்தோட அதை ஊர்றது எண்டு சொல்லேலாது, ஒரு அலுமாரியைத் தள்ளிக்கொண்டு போற மாதிரி. ஆனா அடுப்பும் தட்டுகளும் ஏத்தினாப் பிறகு உள்ளுக்க ஒரு பூனையும் நுழையேலாது. ஸ்விச் வேலை செய்தாத்தான் சரி.

"பத்து நிமிச வேலை," எண்டன். நான் துறைமுகத்தில இருவத்திநாலு வருசமா எலெக்ட்ரீசியன். கிறேனெல்லாம் என்ர கை பட்டு ஓடுது. கதவுப் பூட்டை இழுக்கிற சுண்டுவிரல் அளவு மோட்டர் என்னை என்ன செய்யும்?

"நீங்கள் பத்து நிமிசம் எண்ட ஃபான் இன்னும் கட்டிலுக்குக் கீழதான் கிடக்கு," எண்டிட்டு மனிசி குசினிக்குள்ள போயிட்டா.

பியூசைப் பாத்தன், சரி. ஸ்விச்சைக் கழட்டிப் பாத்தன், அதுவும் சரி. கதவின்ர உள்மூடியைக் கழட்டி, மோட்டருக்கு வாற வயரில சோதனை பல்ப்பைத் தொட்டு, மற்ற நுனியை நீள வயரால பற்றறிக்குக் குடுத்தன். பல்ப் வெளிச்சமா எரிஞ்சுது. அப்ப கரண்ட் வருது. மோட்டர்தான் செத்துப் போச்சு எண்டு அதைக் கழட்டிப் பற்றறியில நேர குடுத்தன். டக்கெண்டு இழுத்துது. திரும்பப் பூட்டினா, சத்தமே இல்லை. மாப்பிள்ளையும் நல்லம், பொம்பிளையும் நல்லம், கலியாணம் மட்டும் நடக்கேல்லை.

பதினொரு மணியாச்சு. விடை தெரியாத ஆம்பிளை என்ன செய்வான்? குற்றவாளியைத் தேடுவான். நானும் கிண்ணியாவுக்குக் கோல் எடுத்து, தகடு தட்டேக்க நீ வயரை நசுக்கிப் போட்டாய் எண்டு நல்லாப் பேச்சுக் குடுத்தன். அவன் வாய் திறக்க முந்தித் திரும்பவும் ஒருக்காக் குடுத்தன்.

"நான் ஒரு வயரையும் நசுக்கேல்லை மச்சான். மத்தியானம் லுஹர் தொழுதிட்டு வாறன்," எண்டு வைச்சிட்டான்.

அதுவரைக்கும் சும்மா நிண்டா மானம் போகும். மனிசியைக் கூப்பிட்டு, பின்னுக்கு நிண்டு பிரேக் லைற் எரியுதோ எண்டு பாக்கச் சொன்னன். அதால ஒரு பிரயோசனமும் வரும் எண்டு நான் நினைக்கேல்லை. அவ மாப் பிசைஞ்ச கையோட வந்து நிண்டா. நான் பிரேக்கை மிதிச்சன்.

"கதவில இருக்கிற லைற் மங்கலா எரியுது," எண்டா. பிறகு, "இஞ்ச பாருங்கோ, நம்பர் பிளேற் லைற்றும் சேந்து மினுங்குது. பிரேக்குக்கு அது ஏன் எரியுது?"

அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுது. வந்த கரண்ட் வண்டியின்ர தகட்டுக்குள்ளால திரும்பிப் பற்றறிக்குப் போகவேணும். அந்த வழி அடைபட்டா, கிடைச்ச லைற்றுக்குள்ளால பூந்து போகப் பாக்கும். அந்தத் திரும்பிப் போற வழியைத்தான் ஏர்த் எண்டிறது. துறைமுகத்தில ஆருக்கு என்ன பிழைச்சாலும் நான் முதல் கேக்கிறது, ஏர்த்தைப் பாத்தியோ எண்டுதான்.

கதவின்ர மேல் மூலையில ஒரு கறுப்பு வயர் போல்ற்றால தகட்டில இறுக்கிக் கிடந்துது. போல்ற்றைக் கழட்டினன். அதுக்குக் கீழ பளபளவெண்டு ரெண்டு பூச்சுப் பெயின்ற். பெயின்ற்றுக்குள்ளால கரண்ட் போகாது. காலமை ரெண்டு தரமும் பற்றறிக்கு நேர குடுத்துப் பாத்ததாலதான் இது பிடிபடேல்லை.

அதை அங்க அடிப்பிச்சது ஆர் தெரியுமோ? நான்தான். உப்புக் காத்து அடிக்கிற ஊரில, ஊசிமுனை அளவு தகடு வெளிய தெரிஞ்சாலும் கறள் பிடிச்சிடும் எண்ட பயம் எங்கள் எல்லாருக்கும் இருக்கு. நாங்கள் கேற் கொழுக்கிக்கே மூண்டு தரம் பெயின்ற் அடிக்கிற ஆக்கள். கராஜில ஒரு முழுப் பின்னேரமும் கதிரை போட்டு இருந்து, இஞ்சயும் அடி, அதுக்குள்ளயும் அடி எண்டு அவனைப் பாடாய்ப் படுத்தினனான். அந்த மூலையில பெயின்ற் படாம இருக்க அவன் கவனமா ஒட்டி வைச்ச ரேப்பை, இதென்ன குப்பை எண்டு உரிச்சு எறிஞ்சதும் இந்த எலெக்ட்ரீசியன்தான்.

கத்தியால பெயின்ற்றைச் சுரண்டி, போல்ற்றை இறுக்கி, மேல கிறீஸ் பூசினன். ஸ்விச்சை அமத்தினன். டக். கதவு ஆறுதலா மேல எழும்பிச்சுது. மனிசி பாத்திட்டு, "தட்டுகளை ஏத்துங்கோ," எண்டா.

ஏத்திக்கொண்டு நிக்கேக்க கூட்டாளி மோட்டர்சைக்கிளில வந்து இறங்கினான். கராஜைப் பூட்டிப்போட்டு, புது வயர் ஒரு சுருளும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். கதவைப் பாத்தான், என்னைப் பாத்தான். சின்னக் கோளாறுதான் எண்டு நான் முடிச்சிருக்கலாம். மனிசி ரோல்ஸ் தட்டைப் பிடிச்சபடி என்ர வாயையே பாத்துக்கொண்டு நிண்டா.

"ஏர்த்தடாப்பா," எண்டன். "நீ ஒட்டின ரேப்பை உரிச்சது நான்தானே. காலமை உனக்குக் குடுத்த பேச்செல்லாம் எனக்குரியது."

"எனக்குக் கோலிலயே விளங்கிட்டு," எண்டான். "நீ கதைக்க விட்டாத்தானே மச்சான். இந்த ஊரில பேச்சுக்கும் ரெண்டு பூச்சு."

மனிசி அவ்வளவு சிரிச்சு நான் பாத்தது குறைவு.

நாலரைக்கு இன்னர் ஹாபர் ரோட்டுக்குப் போனம். ஜூஸ் வான் எங்கட இடத்துக்கு முன்னால, இஞ்சினை நிப்பாட்டாம நிண்டுது. நான் வானை எங்கட இடத்தில விட்டு ஸ்விச்சை அமத்தினன். கதவு எழும்ப எழும்ப ரெண்டு மூண்டு பேர் கிட்ட வந்திட்டினம். ஜூஸ்காரர் இறங்கி வந்து, நான் இந்தப் பக்கத்தில விட்டா உங்களுக்குக் கரைச்சலோ எண்டு கேட்டார்.

"ஒரு கரைச்சலும் இல்லைத் தம்பி," எண்டா மனிசி, சாமான் சுத்திறதுக்குக் கடதாசியைக் கிழிச்சபடி. "கொஞ்சம் தள்ளி விடுங்கோ. எங்கட கதவு எழும்ப இடம் வேணும்."