இருமல் நிற்கும்வரை சவரம் இல்லை

ஆண்களுக்கு முடிவெட்டும் கடையைத் தானே நடத்துவது என்று அவள் முடிவு செய்தபோது, சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். ஆரம்பத்தில் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு நாற்காலியும் வெறிச்சோடிக் கிடந்தன. எட்டிப் பார்க்கிற ஆள், "வேற யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு நழுவிவிடுவான். அவள் அசரவில்லை. தினமும் கடையைத் திறந்து, தரையைப் பெருக்கி, துண்டுகளை வெந்நீரில் அலசிக் காயப்போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒரு மழைநாளில் ஒதுங்க வந்த பேருந்து ஓட்டுநர், சும்மா நிற்பானேன் என்று தாடையைக் கொடுத்தார். முடிந்ததும் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அடுத்த வாரம் இரண்டு நண்பர்களோடு வந்தார்.

பிறகு கடை தானாக ஓடியது. தெருவில் அவளுக்குக் கத்திரியக்கா என்று பெயர் வந்தது. கையைவிட வாய் வேகம். "எங்க அண்ணி கத்தியில யாருக்கும் கழுத்து அறுபட்டதில்ல, பேச்சுலதான் அறுபடும்" என்று இரண்டாவது நாற்காலியில் வேலை செய்த கொழுந்தனே சொல்வான்.

இருமல் வந்தது ஒரு சாதாரணக் காலையில். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் யாரோ இறகால் வருடுவதுபோல ஒரு கூச்சம், உடனே இருமல். முடித்தூள் ஏறியிருக்கும் என்று மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டாள். பவுடரை மாற்றிப் பார்த்தாள். இருமல் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இருமி இருமித் தொண்டை புண்ணாகி, எச்சில் விழுங்கினாலே முள் குத்தியது.

முடி வெட்டும்போது இருமல் வந்தால் கத்திரியை விலக்கிக்கொள்ளலாம். சவரம் அப்படியில்லை. தோலின்மேல் பிளேடு நகரும்போது தோள் குலுங்கினால் கதை கந்தல். அதனால் தொண்டைக்குச் சப்பிச் சாப்பிடும் மாத்திரை ஓர் அட்டை வாங்கி, ஒன்றை வாயில் போட்டாள். தொண்டை மரத்துப்போனது. இருமல் அடங்கியது. இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. அன்றிலிருந்து ஒன்று கரைந்ததும் அடுத்தது. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. மிட்டாய் மாதிரி இருக்கிற ஒன்றுக்கு யார் விளக்கம் படிப்பார்கள்?

"அண்ணி, அதுவும் மருந்துதானே? இப்படி ஓயாம மெல்றீங்களே" என்றான் கொழுந்தன்.

"மெல்லல, சப்புறேன். நீ உன் வேலையப் பாரு. அவரோட கிருதா ஒண்ணு மேல நிக்குது, ஒண்ணு கீழ நிக்குது."

ஒருநாள் மரத்த வாயோடு கொதிக்கிற டீயை மடக்கென்று குடித்தாள். சூடே தெரியவில்லை. சாயங்காலம் அண்ணம் முழுக்கத் தோல் உரிந்து தொங்கியது. தட்டைத் தள்ளி வைத்தவளைப் பார்த்து, தண்ணீர் லாரி ஓட்டும் அவள் கணவர், "வாய் வெந்துபோனதுகூடத் தெரியலன்னா அது என்ன மருந்து?" என்று கேட்டார். மறுநாளும் கன்னத்தில் ஒன்றை அதக்கிக்கொண்டுதான் கடையைத் திறந்தாள்.

அன்றைக்குப் பேருந்து ஓட்டுநர் வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகம் முழுக்க நுரை. ஒரு பக்கம் முடித்துவிட்டுத் தாடைக்குக் கீழே கத்தியைக் கொண்டுபோனவள், வழக்கம்போல அவர் மகளின் புது வேலையைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தாள். இருமல் வெடித்தது. வாயிலிருந்த மாத்திரை வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய் அடைத்தது.

இத்தனை வருடப் பழக்கம் கையில் இருந்தது. கை அவர் கழுத்தைவிட்டுத் தானாக விலகி, கத்தியைத் தட்டில் போட்டது. அதற்குப் பிறகு மூச்சு வரவில்லை. சத்தமும் வரவில்லை. கொழுந்தன் சீப்பும் கையுமாகச் சிலையாக நின்றுவிட்டான். ஓட்டுநர்தான் பாதி நுரையோடு எழுந்து, அவளைக் கைகழுவும் தொட்டிமேல் குனியவைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோள்களுக்கு நடுவே ஓங்கி ஓங்கி அடித்தார். மாத்திரை தொட்டியில் டணக்கென்று விழுந்தது.

"உக்காருங்க. முதல்ல மூச்சு விடுங்க. என் மூஞ்சி எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார்.

கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள். "மீதிய தம்பி முடிப்பான். இந்த இருமல் போறவரைக்கும் நான் கத்தியத் தொடமாட்டேன்."

"ஒரு தடவ ஆனதுக்கா?"

"இந்தத் தடவ போகப் பாத்தது என் உயிரு. அடுத்த தடவ உங்க கழுத்தா இருந்தா?"

அன்றே ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கதவில் மாட்டினாள்: 'இருமல் நிற்கும்வரை அக்காவிடம் சவரம் இல்லை. முடி மட்டும்.'

"இதப் பாத்தா ஏதோ பெரிய வியாதின்னு நினைச்சு ஓடிடுவாங்க அண்ணி."

"ஓடுறவன் ஓடட்டும்டா. மறைச்சு வச்சு ஒருத்தன் கழுத்தக் கிழிக்கச் சொல்றியா?"

அதோடு விடவில்லை. மிச்சமிருந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு நேராக மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே மருந்தாளர் ஒரு கண்ணாடிக்காரப் பெண். "இருமல் எத்தன நாளா?" என்று கேட்டார்.

"நாளா? மாசத்தத் தாண்டிடுச்சு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "இது ரெண்டு மூணு நாள் தொண்டை வலிக்குச் சாப்பிடுறது. நாங்களும் கேக்காமக் குடுத்துட்டோம், தப்புதான். காய்ச்சல், மூச்சு வாங்குறது, சளியில ரத்தம், ஏதாவது உண்டா?"

"எதுவும் இல்ல."

"வேற மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"பிரஷருக்கு ஒண்ணு. முந்தி இருந்தத மாத்திப் புதுசு குடுத்தாங்க." சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. இருமல் வந்ததே அதற்கப்புறம்தான்.

"சில பிரஷர் மாத்திரைக்கு இப்படி வறட்டு இருமல் வரும். உங்களுக்கு அதுதானான்னு டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். அதுவரைக்கும் நீங்களா அத நிறுத்திடாதீங்க. பிரஷர் எகிறிடும்." பிறகு அட்டையின் பொடி எழுத்தை விரல் வைத்து வாசித்துக் காட்டினார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில மணி நேரம் விட வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் கூடாது. மரப்பு போகும்வரை சூடாக எதுவும் கூடாது. "வாயில இருக்கும்போது படுக்காதீங்க, பேசாதீங்க."

"பேசாம இருக்கணுமா?" என்றாள் கத்திரியக்கா. அதுதான் அவளுக்கு இடித்தது.

மருத்துவர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், ஒரு படமும் எடுக்கச் சொன்னார். நெஞ்சில் கோளாறு இல்லை. பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதினார். "உடனே நிக்காது. சில வாரம் ஆகும், பொறுத்துக்கோங்க."

பொறுப்பதுதான் பெரும்பாடு. சவரத்துக்கு வந்தவர்கள் கதவிலேயே திரும்பினார்கள். "எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா, நீங்களே போடுங்க" என்று உரிமையோடு சொன்னவர்களையும் அவள் கொழுந்தன் பக்கம் திருப்பிவிட்டாள். ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும் என்றுவிட்டாள். தொண்டை மிகவும் எரிந்தால் மட்டும், கைவேலையை விட்டுவிட்டுப் பின்பக்க முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மாத்திரையைக் கரையவிட்டாள். அது கரைந்து தீரும்வரை கடையில் சத்தமே இருக்காது.

"அண்ணி வாய மூட இப்படி ஒரு மருந்து இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அண்ணன் என்னிக்கோ வாங்கியிருப்பாரு" என்றான் கொழுந்தன். அவள் சீப்பை எடுத்து அவன்மேல் எறிந்தாள்.

சில நாளில் அதையும் நிறுத்திவிட்டு, உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் கொப்பளித்தாள். கையெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டாள். ஒரு நாள், முடிவெட்ட உட்காரவைத்த சின்னப் பெண் வீறிட்டு அழுதபோது, அலமாரியில் கிடந்த அட்டையைக் காட்டி, "அந்த மிட்டாய் ஒண்ணு குடுங்களேன், வாய மூடிடுவா" என்றாள் குழந்தையின் அம்மா.

"மிட்டாய் இல்லம்மா, மருந்து. பெரிய மனுஷி எனக்கே தொண்டையில மாட்டி உயிர் போய் வந்துச்சு. பிஞ்சுக்குக் குடுப்பாங்களா?" என்று அட்டையை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, குழந்தை கையில் பவுடர் பிரஷ்ஷைக் கொடுத்தாள். அது அழுகையை மறந்து தன் மூக்கைத் தடவிக்கொண்டது.

இருமல் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. ஒரு முழு நாள் இருமாமல் போனது. கொழுந்தன் கத்தியை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்த்தாள். அப்புறம் கணவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"ஊர்ல வேற கழுத்தே கிடைக்கலையா?" என்றார் அவர், சாய்ந்துகொண்டே.

புது பிளேடை மாட்டினாள். கை ஆடவில்லை. தொண்டையும் கூசவில்லை. முடித்துத் துண்டால் ஒற்றியெடுத்துவிட்டு, போய்க் கதவிலிருந்த அட்டையைக் கழற்றினாள்.

கோபித்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. வேறு சிலர் கொழுந்தனின் கைக்கே பழகிவிட்டார்கள்; அவனிடம் பேச்சுத் தொந்தரவு இல்லையாம். அதைக் கேட்டு அவள் சிரித்தாள். காலியாக இருந்த தன் நாற்காலியைத் துடைத்துத் திருப்பி வைத்து, "அடுத்தது யாரு, வாங்க" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.