நாலந்தாவில் அப்பா படியேறிய நாள்

எங்கள் இலங்கையில், மாத்தளையிலிருந்து நாலந்தாவை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்று, இந்த வலைப்பதிவை வாசிக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார். தாராளமாக முடியும். காலையில் போனால் மத்தியானச் சோற்றுக்கு டவுனுக்கு வந்துவிடலாம். ஆனால் நாலந்தா என்று யாராவது சொன்னால் எனக்குப் பதில் இவ்வளவு சுருக்கமாக முடியாது. நான் முதன்முதலில் அங்கே போனது அறுபதுகளின் நடுவில், பன்னிரண்டு வயதில். அங்கே இருக்கும் பழைய கல்கோயிலைப் பார்க்கப் போகவில்லை. என் படிப்பைக் காப்பாற்றிக்கொள்ளப் போனேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் உக்குவளைக்கு மேலே, மலையில். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் மாத்தளை டவுனில்தான் படிக்க வேண்டும். டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள், ஆனால் தங்க வீடில்லை. தினமும் போய்வர மலைக்குப் பஸ்ஸும் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளையை என்ன செய்வது என்பதில் தோட்டத்தில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக் களத்துக்குக் கூட்டிப்போய்ப் பேர் பதிந்துவிடுவார்கள். மறுநாள் முதுகில் கூடை ஏறிவிடும். என் பேரை மாதம் பிறந்ததும் பதிவதாகக் கங்காணி அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா எனக்கென்று ஒரு கூடைக் கயிறுகூட வாங்கி வைத்துவிட்டாள்.

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். நாலந்தாவில் தனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார், அவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். அம்மாவுக்கே அது புதுச் செய்தி.

அப்பா இரண்டாம் உலகச் சண்டையில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தவர். துப்பாக்கி பிடித்ததைவிட, பாலைவனத்தில் பாதை வெட்டியதும் பெட்டி தூக்கியதும்தான் அதிகம். அங்கே அவரோடு ஒரே கூடாரத்தில் கிடந்தவர் பண்டா என்ற சிங்களவர். இரண்டு பேரும் ஒரே தகரத் தட்டில் சாப்பிட்டார்களாம். சண்டை முடிந்து ஒரே கப்பலில்தான் திரும்பியிருக்கிறார்கள். பண்டாவுக்கு அரசாங்கம் நாலந்தாவில் வயல் காணி கொடுத்தது. அப்பாவுக்கு, நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, நீ இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துத் தமிழன், இந்த நாட்டுக்காரன் இல்லை என்ற சட்டம் வந்து சேர்ந்தது. நாடில்லாதவனுக்குக் காணி ஏது? பழையபடி தோட்டத்து லயக் குடியிருப்புக்கே வந்து மண்வெட்டி பிடித்தார். அப்பா இதைச் சொல்லி ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது.

விடிவதற்கு முன்னே மலையிறங்கினோம். உக்குவளை ஸ்டேஷனுக்கு ஆறு மைல், எல்லாம் இறக்கம்தான். அப்பா பட்டாளத்து நடை நடந்தார், நான் பின்னால் ஓடினேன். கையில் அரை றாத்தல் தேயிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும். கோச்சியில், அதுதான் ரயிலில், மாத்தளைக்கு ஒரு கொட்டாவி விடும் நேரம்தான், ஏறி உட்கார்ந்ததும் இறங்கு என்றார்கள். டவுனில் கடைவாசல்களில் சாக்கு விரித்து மிளகும் கொக்கோவும் காயப் போட்டிருந்தார்கள். அந்த மணம் இன்றும் மூக்கிலேயே இருக்கிறது. நான் படிக்கவேண்டிய பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று அப்பாவிடம் கேட்டேன். போய்விட்டு வரும்போது பார்க்கலாம் என்றார்.

தம்புள்ளை பஸ்ஸில் ஏறினோம். பண்டா வீட்டில் இறங்கவேண்டும் என்று அப்பா கண்டக்டரிடம் சிங்களத்தில் சொன்னதும் பஸ்ஸே சிரித்தது. நாலந்தாவில் கல்லெறிந்தால் ஒரு பண்டா மேல்தான் விழும் என்றார் கண்டக்டர். பட்டாளத்துப் பண்டா என்றதும் அவருக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போகும் வயல் வரம்பு பிரியும் இடத்திலேயே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்.

அந்தக் காலத்து நாலந்தா கெடிகேயை இன்று போகிறவர்கள் பார்க்க முடியாது. அப்போது அந்தக் கல்கோயில் வயல்களுக்கு நடுவில், வரம்புமேல் நடந்துதான் போகவேண்டிய இடத்தில் நின்றது. சுற்றிலும் பச்சை, பக்கத்தில் ஓடை. பண்டாவின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஓடு போட்டு, நாலு படி வைத்துக் கட்டிய வீடு.

அந்தப் படிதான் எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தது.

தோட்டத்து ஆளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டு வீட்டைக் கண்டால் கை தானாகத் தோள் துண்டை எடுத்துவிடும். துண்டு மடிந்து கக்கத்துக்குப் போகும், செருப்பு வாசலில் கழன்றுவிடும், கால் முற்றத்தோடு நின்றுவிடும். துரை பங்களாவிலும் ஆபீஸிலும் நின்று நின்று உடம்பு படித்துக்கொண்ட பாடம் அது. அப்பாவுக்குத் தான் அப்படி நிற்பதே தெரிந்திருக்காது.

பண்டா ஓடிவந்து கையைப் பிடித்தார். பட்டாளத்தில் அப்பாவிடமே கற்ற தமிழில், "ராமையா, உள்ள வா" என்றார்.

"பரவாயில்லைங்க மாத்தயா. இங்கயே நிக்கிறேன்."

மாத்தயா என்பது சிங்களத்தில் பெரிய மனிதர்களைக் கூப்பிடும் சொல். பண்டாவின் முகம் சுருங்கியது. நாற்காலி கொண்டுவந்து வைத்தார், அப்பா உட்காரவில்லை. அவர் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா செம்பை வாங்காமல் குனிந்து கையைக் குவித்து நின்றார். தோட்டத்துக் கடையில் அப்படித்தான் குடிப்போம். அந்த அம்மா பாவம், எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் விழித்தார். தன் வீட்டுச் செம்பில் வாய்வைக்க ராமையாவுக்கு அருவருப்போ என்று பண்டா நினைத்திருக்கிறார். பின்னால் அவரே சொன்னது இது.

"நான் ஒனக்கு மாத்தயாவா?" என்றார். அப்பா கக்கத்துத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். பண்டா விறுவிறு என்று உள்ளே போய்விட்டார்.

எனக்கு அழுகை முட்டியது. கூடைக் கயிறுதான் கண்முன் வந்தது. அப்பா என் பக்கம் திரும்பாமலே, "வா தாயி, போயிரலாம். வந்ததே தப்பு" என்றார்.

வாசல்வரை போயிருப்போம். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம், வயல் கொக்குகள் எழும்பிப் பறக்கிற மாதிரி.

"ஸ்குவாட்! அட்டென்ஷன்!"

திரும்பினால், படியின் உச்சியில் பண்டா. சாரத்துக்கு மேலே வெறும் உடம்பு, தலையில் பூச்சி அரித்த பட்டாளத் தொப்பி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பாவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா விறைத்து நின்றார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. கக்கத்துத் துண்டு மண்ணில் கிடந்தது. தோட்டத்தில் நான் ஒரு நாளும் பார்க்காத மனிதர் அவர்.

"குவிக் மார்ச்!"

இடது கால் முதலில். லெஃப்ட், ரைட் என்று பண்டா சொல்லச் சொல்ல அப்பா முற்றத்தைக் கடந்து, நாலு படியும் ஏறி, நேரே வீட்டுக்குள் போய்விட்டார். நான் துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். உள்ளே போனபோது இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைகள் மாதிரி அழுதுகொண்டிருந்தார்கள்.

சாப்பிடும்போதுதான் அப்பாவால் விஷயத்தைச் சொல்ல முடிந்தது. பிள்ளை படிக்க வேண்டும், டவுனில் தங்க இடமில்லை என்றார். "இதுக்கா இவ்வளவு நேரம் வெயில்ல நின்ன?" என்றார் பண்டா. அவருடைய தங்கை சோமா மாத்தளை டவுனில் குடியிருந்தார். அன்று பின்னேரமே பண்டா எங்களோடு பஸ் ஏறி, என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். சோமா அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாயில் தன் மகளைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லி எனக்கு இடம் செய்தார். பத்தாம் வகுப்புவரை நான் வளர்ந்தது அந்த வீட்டில்தான். அம்மா அந்தக் கயிற்றில் துணி காயப் போட்டாள்.

நாடில்லாதவளுக்கு அரசாங்க வேலை இல்லை. ஆனால் டவுனில் ஒரு ஹாஜியார் தன் புடவைக்கடையில் கணக்கெழுத என்னை வைத்துக்கொண்டார். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடும் வாடகைக்குக் கிடைத்தது. வேலை முடிந்து ஓய்ந்த அப்பாவை அங்கே கூட்டி வந்துவிட்டேன்.

இனி உங்கள் பயணத்துக்கு வருகிறேன். கண்டியிலிருந்து வந்தால் கோச்சியில் வாருங்கள், மெதுவாக, ஆறுதலாக வரும், உக்குவளைப் பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகிற எந்தப் பஸ்ஸும் நாலந்தாவில் நிற்கும். இருபத்து நாலு கிலோமீட்டர் அளவில், முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரதான வீதியில் இறங்கிக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் நடை. தண்ணீர் போத்தலும் தொப்பியும் கட்டாயம். கல்கோயில் இப்போது குளத்தோரம் இருக்கிறது. எழுபதுகளில் நீர்த்தேக்கம் வந்தபோது வயல்கள் எல்லாம் மூழ்கின. கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் வைத்துக் கட்டினார்கள். நல்ல காரியம். பண்டா வீட்டை யாரும் அப்படிக் கழற்றி வைக்கவில்லை. அந்த நாலு படியும் தண்ணீருக்குள்தான் இருக்கின்றன. நான் போகும்போதெல்லாம் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்பேன். உடன் வந்தவர்கள் முறைப்பார்கள்.

வீடு மூழ்கியதும் பண்டாவுக்கு எங்கோ தொலைவில் மாற்றுக் காணி கொடுத்தார்கள். பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாத காடு. சோமா அக்காவும் அதற்குள் கணவரின் வேலை மாற்றத்தோடு தூரத்துக்குப் போயிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் என் வீட்டு வாசலில் நிழல் விழுந்தது. பார்த்தால் பண்டா. மெலிந்திருந்தார். பின்னால் அவருடைய கடைசி மகள், பன்னிரண்டு வயதிருக்கும், கையில் ஒரு துணிப்பை. செருப்பைக் கழற்றித் தெருவிலேயே விட்டிருந்தார். குடை கக்கத்தில் மடங்கியிருந்தது. உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன். பரவாயில்லை மகள், இங்கேயே நிற்கிறேன் என்றார்.

உள்ளே, கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்சம் நடுங்கினாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல்.

"ஸ்குவாட்! அட்டென்ஷன்!"

பண்டா நிமிர்ந்தார். குடை கீழே விழுந்தது. அந்தப் பிள்ளை அதை எடுக்கக் குனிவதற்குள், அவருடைய இடது கால் என் வாசற்படியில் இருந்தது.