கடலில் கொட்டிய சோறு

டென்மார்க்கின் லிம்ஃபியோர்டுக் கடலில் நாங்கள் போன சின்னக் கப்பலின் சமையற்காரரும் யாழ்ப்பாணத்தவர்தான். கட்டையான ஆள், கழுத்தில் சிலுவை. கதைக்கும்போது கையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். எனக்கு முருகனுக்குரிய வெள்ளிக்கிழமை விரதம் என்று மனைவி சொன்னதும், தனியாகச் சோறும் பருப்பும் சமைத்துக் கொண்டுவந்தார்.

"புதுச் சட்டி, அண்ணை. மீன் படேல்லை. நம்பிச் சாப்பிடுங்கோ."

"ஓம் தம்பி" என்றேன். ஆனால் அகப்பையில் மீன் பட்டிருக்குமோ என்று மனம் கேட்கவில்லை. அவர் போனதும் சோற்றைக் கடலில் கொட்டினேன். திரும்பினால், தண்ணீர்ப் போத்தலுடன் அவர் நிற்கிறார்.

உள்ளே போய், தோல் உரிக்காத ஒரு தோடம்பழத்துடன் வந்தார்.

"இதை நீங்களே உரியுங்கோ, அண்ணை. பட்டினி கிடக்காதேங்கோ."

என் விரதம் தவறவில்லை. ஆனால் அன்றிலிருந்து முருகனை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.