நாகஜோதி கேட்ட போட்டோ

நாகஜோதி ஒருத்தர்கிட்ட போட்டோ கேட்டான்னா ஆளு காலின்னு எங்க பல்கலைக்கழக ஆளுக மத்தியில ஒரு பேச்சு. நான் கெளப்புனது இல்ல. டாக்டர் பட்டம் வாங்குன ஆளுக, மேடையேறினா மூடநம்பிக்கைய ஒழிக்கணும்னு தொண்டை கிழியப் பேசுற ஆளுக, அவுகதான் கெளப்புனாக. நான் நம்பல. என்கிட்ட அவ கேக்குற வரைக்கும் நம்பல.

நான் நைனா முகமது. திண்டுக்கல்ல அரிசிக் கடை. எம்.ஏ. படிச்சவனுக்கு அரிசிக் கடை எதுக்குன்னு கேக்காதீக, கேட்டா எனக்குக் கோவம் வரும். எங்க அத்தா கடை அது. நாகஜோதியும் அதே பல்கலைக்கழகம், அதே துறை, எனக்கு ஜூனியர். கன்னிவாடிக்காரி. தென்னந்தோப்புத் தகராறுல தம்பி முகேஷ்குமாரோட பேச்சுவார்த்தை அத்துப்போச்சு. கல்யாணம் பண்ணிக்கிடல. கொஞ்ச காலம் காலேஜ் காலேஜா தற்காலிக வேலை பாத்தா. எவனோ ஒரு பிரின்சிபால் மூஞ்சிக்கு நேரா எகத்தாளமா பேசிட்டான்னு சாக்பீஸ அவன் மேசையில வச்சிட்டு வந்தவ, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பிளெக்ஸ் கடை போட்டுட்டா.

காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சிக்காரன் பொறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அங்கதான். கண்ணீர் அஞ்சலி அடிக்க வாரவன்கிட்ட மட்டும் சண்டை போடுவா. "செத்தது உங்க மாமா. நீங்க என்ன அவரவிட பெருசா, கூலிங் கிளாஸோட? வருந்துறவன்னு கீழ போற ஆளு சின்னதாத்தான் இருக்கணும்"னு சொல்லி, கண்ணு முன்னாலயே அவன் படத்தச் சுருக்குவா.

பொங்கல் கழிச்சு வார ஒரு ஞாயித்துக்கிழமை, பழைய மாணவருக எல்லாம் பல்கலைக்கழகத்துல கூடுவோம். அந்த வருசம் தவறிப்போன வாத்தியாருக, கூடப் படிச்சவுக, ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிளெக்ஸ் ஹால்ல தொங்கும். கடைய ஆரம்பிச்சதுல இருந்து அம்புட்டும் நாகஜோதி பொறுப்பு.

ஒரு வருசம் ஆண்டிச்சாமி அய்யா தவறிட்டாரு. எங்களுக்குப் பொருளாதாரம் எடுத்தவரு. நல்ல போட்டோ ஒண்ணு கூட ஆப்புடல. யாரோ ஒரு கல்யாணத்துல எடுத்தத வெட்டி ஒட்டுனதுல, அவரு தோள் மேல கெடந்த வேற எவன் கையோ அப்புடியே நின்னுபோச்சு. அந்தரத்துல ஒரு கை! அவரு சம்சாரம் சோலையம்மாள் அதப் பாத்துட்டு, "ஏத்தா, உங்க அய்யாவுக்கு ஒழுங்கா ஒரு படம் கூடவா கெடைக்கல?"ன்னு கேட்டுச்சு. நாகஜோதிக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

அதுல இருந்துதான் ஆரம்பிச்சா. உசுரோட இருக்கவங்ககிட்டயே, "நல்ல போட்டோ ஒண்ணு எடுத்துக்கிறேன், இருக்கட்டும்"னு கேக்க. மொதல்ல எங்ககூடப் படிச்ச வடமதுரை மோகன்குமார். தலைய சீவி, சட்டைய மாத்திக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே உக்காந்தான். ஆடியில எடுத்தது, ஐப்பசியில போய்ட்டான். அடுத்து ரோசலின் மேடம், அவுக எங்க துறைத் தலைவரா இருந்தவுக. அவுகளும் அந்த வருசம் தாண்டல. முடிஞ்சுது கதை. ஆஸ்பத்திரிக்குள்ள அவளுக்கு ஆளு இருக்குன்னு ஒருத்தன் சொன்னான். அவளுக்கு நாக்குல கரும்புள்ளின்னு இன்னொருத்தன். அடுத்த கூட்டத்துல அவ கேமராவோட வாரதப் பாத்து, புரபசர் ஒருத்தர் சாப்பாட்டுத் தட்டோட தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டாரு. வாட்சப் குரூப்ல, "வெளிச்சத்துல எடுத்த படம் ஒண்ணு எல்லாரும் அனுப்பி வைங்க"ன்னு போட்டா. காலை வணக்கத்துக்கு நூறு கும்புடு போடுற குரூப்பு அது. அன்னிக்கு ஒரு ஈ காக்கா இல்ல. மறுநாள் பாத்தா பாதிப்பேரு மூஞ்சிய எடுத்துட்டு ரோசாப்பூவ வச்சிருக்காக. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுச்சு.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான். மார்கழியில மாடிப்படி ஏறினா எனக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு. சர்புன்னிசாகிட்ட, அதான் என் வீட்டுக்காரிகிட்ட, மதுரைக்கு நெல்லு பாக்கப் போறேன்னு சொல்லிட்டு ஆஞ்சியோ பண்ணிட்டு வந்தேன். அடைப்பு இருக்கு, நெஞ்சத் தொறந்துதான் சரி பண்ணணும், தள்ளிப்போடாதீகன்னு டாக்டரு சொல்லிட்டாரு. எப்புடிச் சொல்றது இவகிட்ட? இவ கூடப் பொறந்த அண்ணன் இதே ஆபரேசனுக்குப் போயி மேசையிலயே மவுத்தானவரு. சொன்னா எனக்கு முன்னால இவ போய்ச் சேந்துருவா. அதனால சொல்லல. ஆபரேசனும் வேணாம், அல்லா விட்ட வழின்னு இருந்துட்டேன். ஈரேழு லோகத்துல ஒருத்தனுக்கும் சொல்லல.

சொல்லாம இருக்கயிலதான் நாகஜோதி போன் பண்றா. "அண்ணே, கடைக்கு ஒரு எட்டு வாங்க. உங்கள ஒரு போட்டோ எடுக்கணும்."

 "எதுக்கு?"ன்னேன். "வாங்க, சொல்றேன்"னு வச்சிட்டா.

எவன் சொல்லியிருப்பான்? மதுரைக்குக் கார் ஓட்டிட்டு வந்த பிரபுவா? அவன் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னான், ஆனா திருட்டு முழி முழிச்சான். லேப்ல ரத்தம் எடுத்த பொண்ணு, எந்த ஊருன்னு நான் கேட்டதுக்குத் திண்டுக்கல்லுன்னுச்சு. அவளாத்தான் இருக்கும்! இல்ல, என் மகன் வாஜித் மோப்பம் பிடிச்சிட்டானா? அன்னிக்கு ராத்திரிச் சோத்துல வெஞ்சனம் என்னன்னு கூடத் தெரியாமத் தின்னேன். இன்னொண்ணும் உறுத்துச்சு. எங்க மார்க்கத்துல ஆளு மவுத்தானா படம் மாட்டுற வழக்கம் இல்ல. எங்களுக்குப் பாடம் எடுத்த நஸீரா மேடம் தவறினப்ப அவுக வீட்டுல வேணாம்னுட்டாக. நாகஜோதி பேர மட்டும் பெருசா, அம்சமா எழுதி வச்சா. அப்ப அவளுக்கு வெவரம் தெரியும். தெரிஞ்சும் என் படத்தக் கேக்குறான்னா என்ன அர்த்தம்?

அவ கேட்டதுக்குப் போகல. மறுபடி கூப்புட்டா, எடுக்கல. குரூப்ல கெடந்த என் படத்த எடுத்துட்டேன், ரோசாப்பூவத்தான் வச்சேன். சிரிச்சவன் வச்சேன் பாருங்க.

ஆனா சும்மா இருக்க முடியல. ஒரு நா மத்தியானம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனவன், அவ கடைக்கு எதுத்தாப்புல டீக்கடையில நின்னு வேவு பாத்தேன். கடையில அவ ஒத்தையா இருந்தா. கூட வேலை பாக்குற மணிமேகலை சாப்புடப் போயிருந்தா. நான் ரோட்டத் தாண்டி, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு எட்டிப் பாத்தேன். கம்ப்யூட்டர்ல கருப்பு பார்டர், ஓரத்துல எரியிற விளக்கு. திரை நெறைய என் மூஞ்சி! அந்தப் பழைய வாட்சப் படம்.

கதவ ஒதச்சுத்தான் தொறந்தேன். அவ திடுக்குன்னு ஆகி, டக்குன்னு திரைய மறைச்சா. மறைச்சாளா இல்லையா? அப்ப என் சந்தேகம் சரிதானே!

"தொற அத. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?"

"உக்காருங்கண்ணே. இப்புடி மூச்சு வாங்குது உங்களுக்கு..."

"வாங்கும், ஏன் வாங்காது! என் நெஞ்சுல அடைப்பு இருக்குன்னு உனக்கு எவன் சொன்னான்? பிரபுவா? அந்த லேப் பொண்ணா? உசுரோட இருக்கயிலயே மனுசனுக்கு விளக்கேத்துறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

அவ எந்திரிச்சு நின்னுட்டா. 

"அடைப்பா? உங்களுக்கா? என்னண்ணே சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதே!"

அட பாவி மனுசா, நைனா முகமது! பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லாதத நடுக்கடையில நானே கக்கிட்டேன்.  ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

"பின்ன எதுக்கு என் படம்?"ன்னேன்.

அவ திரையத் தொறந்தா, மறுபடி என் மூஞ்சி. அப்பறம் படத்தச் சிறுசாக்கினா. சிறுசாக்க சிறுசாக்க நான் கீழ போனேன். மேல ஒரு வட்டம் வந்துச்சு. வட்டத்துக்குள்ள நாகஜோதி. மஞ்சச் சேல கட்டிக்கிட்டு, எவனையோ திட்டப் போறவ மாதிரி சிரிச்சுக்கிட்டு இருந்தா.

"வயித்துல கட்டிண்ணே. பரவிருச்சாம். ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு இனிமே முடியாதுன்னுட்டாங்க. அடுத்த பொங்கல் கூட்டத்துக்கு நான் மேலதான் இருப்பேன். எனக்கு எவன் ஒழுங்கா அடிப்பான்? அதான் நானே பண்ணிக்கிறேன். மேல ஆளு இருக்கு. கீழ போட ஆளு இல்ல." அப்பறம் கொரல இறக்கி, "தம்பி வர மாட்டான். நம்ம ஆளுக யாருகிட்ட படம் கேட்டாலும் ஓடுறாங்க. நீங்க ஒருத்தருதான் ஓட மாட்டீங்கன்னு நெனச்சேன்"னா.

நான் ஓடுனவன்தான்.  எனக்கு அழுகை வந்துருச்சு. அம்பது வயசுக்கு மேல ஆன ஆம்பள, பிளெக்ஸ் கடையில உக்காந்து அழுதேன்.

அவ புடிச்சா ஒரு புடி. "அழுது என்ன ஆகப்போகுது? ஆபரேசன் எப்ப? பண்ணலையா? அண்ணிகிட்டயும் சொல்லலையா? அறிவிருக்கா உங்களுக்கு? நீங்களும் மேல வந்துட்டா எனக்குக் கீழ யாரு நிப்பா? இன்னிக்கே சொல்லணும். இல்லேன்னா நான் வீட்டுக்கு வந்து சொல்லுவேன்."

செய்யக்கூடியவதான். அன்னிக்குச் சாயங்காலம் அசர் தொழுதுட்டு வந்து சர்புன்னிசாகிட்ட சொன்னேன். "நெல்லு பாக்கப் போனீகளா, என்னைய ஏமாத்தப் போனீகளா?"ன்னு அரிசி பொடச்சுக்கிட்டிருந்த சொளக வீசி எறிஞ்சா. விக்கி விக்கி அழுதா. நான் பயந்த மாதிரி அவ ஒண்ணும் போய்ச் சேரல. கண்ணத் தொடச்சுக்கிட்டு, மருமகன், மச்சான் எல்லாத்துக்கும் போனப் போட்டு, அந்த வாரமே ஆஸ்பத்திரியில கொண்டு சேத்துட்டா. நெஞ்சத் தொறந்தாக, தச்சாக, பொழச்சேன்.

நாகஜோதி என்னையப் பாக்க வீட்டுக்கு வந்தா. பாதி ஆளாப் போயிருந்தா. சர்புன்னிசா கஞ்சி குடுத்தா. குடிக்க முடியாமயே, நல்லாருக்கு அண்ணின்னா. என் மூஞ்சிய உத்துப் பாத்துட்டு, "வெளிறிப்போயிட்டீங்க, பழைய படத்தையே வச்சுக்கிறேன்"னா. "நீ மொதல்ல உன்னையப் பாரு"ன்னு சண்டை போட்டேன். அவ இருந்த வரைக்கும் நாங்க சண்டைதான் போட்டோம்.

ஐப்பசி மழையில ஒரு நா விடியக்கால போய்ட்டா. முகேஷ்குமார் எப்புடியோ கேள்விப்பட்டு வந்தான். செய்ய வேண்டியதச் செஞ்சான், மத்தியானமே கெளம்பிட்டான்.  அப்பறம் மணிமேகலை போன் பண்ணுச்சு. "சார், அக்கா பிளெக்ஸ பிரிண்டுக்குப் போடணும். எல்லாத்தையும் அக்காவே முடிச்சு வச்சிட்டாக. ஒரு எடம் மட்டும் விட்டிருக்காக. எனக்குக் கை வரல, நீங்க வாங்க சார்."

போனேன். மேல அவ. பேருக்குக் கீழ தோற்றம்னு போட்டு, பொறந்த தேதி. பக்கத்துல மறைவுன்னு போட்டு, வெறும் எடம். கீழ நான், சின்னதா.

"ஒரு தேதி அடிக்கத் தெரியாதா உனக்கு?"ன்னு மணிமேகலையப் போட்டு வஞ்சேன். அது அழுதுச்சு. நாகஜோதி நாற்காலியில நானே உக்காந்தேன். அவ போன தேதி எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மணிமேகலைகிட்ட கேட்டேன். அது சொல்லுச்சு. ஒத்த விரலால நான் அடிச்சேன்.