வளவில் நின்ற ஜீப்

“லீற்றருக்கு ஏழு ஓடும், அண்ணை” என்றான் கராஜ்காரன். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, ரயரைப் பார்த்தான். முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவனிடம் வந்து சொல்கிற கதையா இது? அந்த ஜீப் தார் வீதியில் ஐந்து கிலோமீற்றர் ஓடினாலே பெரிய காரியம். மணல் ஒழுங்கையில் இறங்கினால் நாலு. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இருந்தும் “அப்படியோ” என்று தலையாட்டிவிட்டு, பொனற்றைத் திறக்கச் சொன்னேன். ஆசைப்பட்டுவிட்டேன், வேறென்ன.

கிளிநொச்சியில் பெரிய வீதியோரமாக அந்தக் கராஜ். ஓட்டோவுக்கு பிறேக் வயர் மாற்றப் போன இடத்தில்தான் ஜீப்பைக் கண்டேன். கடும் பச்சை நிறம் அடித்திருந்தார்கள். ஆனால் முன் பம்பரில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ரேடியோ அன்ரெனா பூட்டிய ஓட்டைகள். அதைக் கண்டதும் இது ஒரு காலத்தில் வெள்ளையாக ஓடிய வாகனம் என்று விளங்கிவிட்டது. யுத்த காலத்தில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் சாரதியாக ஒன்பது வருடம் நான் ஓட்டியது இதே வகை ஜீப். இதுவே அது என்று சொல்லமாட்டேன். ஆனால் கதவைச் சாத்தியபோது வந்த சத்தம் அதே சத்தம்.

இப்போது நான் பூநகரிப் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறேன். வயது அறுபதைத் தொடப்போகிறது. டீசல் விற்கிற விலையில் இப்படி ஒரு வாகனத்தை வைத்திருக்க ஒப்பந்தக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். அதை வாங்குவதென்றால் ஓட்டோவையும் விற்க வேண்டும், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் வயல் துண்டையும் விற்க வேண்டும். வீட்டில் போய்ச் சொன்னேன். மாரியில் ஒழுங்கையெல்லாம் வெள்ளம் நிற்கும்போது ஓட்டோ என்ன செய்யும், இது போகும் என்றேன். கொழும்பிலிருந்து வருகிற என்ஜினியர்மாருக்கு வாடகைக்கு ஓடலாம் என்றேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“உங்கட விருப்பம்” என்றாள்.

கலியாணம் கட்டிய எவருக்கும் அந்த இரண்டு சொல்லின் பாரம் தெரியும். 

நான் சொன்ன காரணம் எல்லாம் சும்மா கதை. உண்மையைச் சொன்னால் வெட்கம். அந்த உயரத்தில் ஏறியிருந்து, யாருடைய கையெழுத்தும் இல்லாமல், சாகும் முன்பு கொஞ்சக் காலம் ஓடவேண்டும். அவ்வளவுதான். ஒன்பது வருடமும் ஒவ்வொரு கிலோமீற்றரையும் லொக் புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் அதிகாரியிடம் ஒப்பம் வாங்கியவன் நான். ஜீப் என்னுடையது போல எனக்குப் பட்டது. ஆனால் ஒரு முழம் தூரம்கூட எனக்காக அது ஓடியதில்லை.

கராஜ்காரன் வியாபாரி. மீன் எப்போது தூண்டிலைக் கவ்வியது என்று அவனுக்குத் தெரியும். “ஒரு நாள் கொண்டுபோய் ஓடிப் பாருங்கோ, அண்ணை. ஓட்டோ இஞ்ச நிக்கட்டும். எண்ணெய் இருக்கிற அளவிலேயே திருப்பித் தந்தால் சரி” என்றான். முள் கால் டாங்கிக்குச் சற்று மேலே நின்றது. அதைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பரந்தனில் திரும்பிப் பூநகரி வீதியில் ஏறியபோது, பொய் சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஓட்டோவில் இருந்து பார்க்கிற உலகம் வேறு, ஜீப்பிலிருந்து பார்க்கிற உலகம் வேறு. வேலிக்கு மேலால் ஆட்களுடைய வளவுகள் தெரிந்தன. பள்ளம் வந்ததே தெரியவில்லை. எதிரில் வந்த மோட்டார் சைக்கிள்காரர் இரண்டு பேர் நான் யாரோ பெரிய ஆள் என்று நினைத்து ஓரம் கட்டினார்கள். முட்டாள்தனமாக நானும் கை காட்டினேன்.

எங்கள் வீட்டு வளவுக்குள் கொண்டுவந்து, வேப்ப மரத்தின் கீழே நிறுத்தினேன். மனைவி வெளியே வந்தாள். படியில் நின்றபடியே பார்த்தாள். கிட்ட வரவில்லை, கையால் தொடவில்லை. “சாப்பாடு ஆறுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் ஏன் கிட்ட வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதாமல் மேலே போக முடியாது.

யுத்தம் இறுகிக்கொண்டு வந்த வருடம் அது. நாங்கள் அப்போது கிளிநொச்சியில் இருந்தோம். சனத்திடம் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எங்கள் நிறுவனத்து வாகனங்களில் மட்டும் டாங்கி நிறைய டீசல் இருந்தது. அதனால் சட்டமும் கடுமை. பட்டியலில் பெயர் இல்லாத ஒருவரையும் ஏற்றக்கூடாது, சாரதியின் குடும்பம் என்றாலும். அந்தச் சட்டத்தை மீறிய ஒருவனை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் வேலை போவதென்றால் அரிசி போவது.

எறிகணைகள் கிட்ட விழத் தொடங்கியதால் அலுவலகத்தை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிழமை ஜீப்பை என் வளவில் விட்டிருந்தார்கள். மனைவிக்கு நிறைமாதம். ஒரு பகல், பதினொரு மணி இருக்கும், அவளுக்கு நோ கண்டது. ஜீப்பின் திறப்பு என் சட்டைப் பையில் இருந்தது. டாங்கி நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரி நாலு கட்டை தூரத்துக்குள். நான் என்ன செய்தேன்? சைக்கிளை எடுத்துக்கொண்டு, அதிகாரியிடம் அனுமதி கேட்கப் போனேன்.

அதிகாரி ஒரு கூட்டத்தில் இருந்தார். கதவைத் தட்டப் பயம். வெளியே கிடந்த வாங்கில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்கும். அவரிடம் நான் கேட்கவே இல்லை. மனம் கேட்காமல் திரும்பி வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டார் லான்ட்மாஸ்ரர் பெட்டியில் பாயை விரித்து அவளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். டீசலுக்குப் பதில் மண்ணெண்ணெய் விட்டு ஓடிய உழவு மெஷின் அது. வழியில் மூன்று தரம் நின்றதாம். ஆண் பிள்ளை. மூச்சில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஜீப் அன்று முழுக்க வளவில் நின்றது. அடுத்த நாள் லொக் புத்தகத்தில் ‘ஓட்டமில்லை’ என்று என் கையால் எழுதினேன்.

இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் கதைத்ததில்லை. நோவோடு நின்றபோதுகூட ‘ஜீப்பில் கொண்டுபோங்கோ’ என்று அவள் சொல்லவில்லை. கேட்டிருந்தால் ஏற்றியிருப்பேன். இத்தனை வருடமும் எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டுதான் சோறு தின்கிறேன். கேட்டிருந்தால் ஏற்றியிருப்பேன்.

பகல் சாப்பிட்டுவிட்டு, கதிரையை வெளியே இழுத்துப்போட்டு ஜீப்பைப் பார்த்தபடி இருந்தேன். மூன்று மணி இருக்கும். வேலிப் படலையடிக்கு ஒருவர் ஓடிவந்தார். இரண்டு வளவு தள்ளி இருக்கிற தோட்டக்காரர். அவருடைய தகப்பன் தேயிலை மலையிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். மூச்சிரைக்க வந்தவரின் கையில் ஒரு சோடாப் போத்தல் நிறையப் பெற்றோல் இருந்தது.

அந்தப் போத்தல் எங்கள் ஊர் வழக்கம். எண்ணெய்க்குத் தடை இருந்த காலத்தில் வாகனம் கேட்டுப் போகிறவர் எப்படியாவது ஒரு போத்தல் எண்ணெயோடுதான் போவார். வாகனம் வைத்திருப்பவனை வெறுங்கையோடு கேட்பது மரியாதை இல்லை. பிறகு சில வருடங்களுக்கு முன்பு நாடு முழுக்க எண்ணெய் வரிசையில் காய்ந்தபோது அந்தப் பழக்கம் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது பெற்றோல் செற்றில் கேட்ட அளவு அடிக்கலாம். ஆனாலும் அந்தரம் அவசரத்துக்கு என் ஓட்டோவைக் கேட்டு வருகிறவர்கள் போத்தலோடுதான் வருகிறார்கள். நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சொன்னால் அடுத்த முறை கேட்க மாட்டார்கள்.

அவர் படலையைத் திறந்தார். ஓட்டோ நிற்கிற இடத்தைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“ஓட்டோ இல்லீங்களாண்ணே?”

“கராஜில நிக்குது” என்றேன்.

“சரிங்கண்ணே” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான் கூப்பிடவில்லை. என்ன விசயம் என்றுகூடக் கேட்கவில்லை. அந்த மனிதர் வியர்த்துக் கொட்டி, செருப்பில்லாமல் வந்து நின்றதை நான் கண்டேன். ஆனால் என் மனதுக்குள் முதலில் வந்தது அந்த முள். கால் டாங்கிக்குச் சற்று மேலே. கிளிநொச்சிக்குப் போனால் எவ்வளவு போகும், வந்தால் எவ்வளவு போகும், கராஜ்காரனுக்கு என்ன சொல்வது. அவர் ஒழுங்கையில் பத்து அடி போகும்வரை நான் அந்தக் கணக்கில் இருந்தேன்.

மனைவி எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. என்னைத் தாண்டிப் படலைக்கு ஓடினாள்.

“நில்லுங்கோ! எங்க போறீங்கள்? என்ன நடந்தது?”

“சம்சாரத்தப் பாம்பு கடிச்சிருச்சுக்கா. புடையன். அம்புலன்சு வேற எடத்துக்குப் போயிருக்காம், வர நேரமாகுமாம்.”

“அப்ப ஏன் திரும்பிப் போறீங்கள்?”

அவர் ஜீப்பைப் பார்த்து, ஏதோ பிழை செய்தவர் போலச் சொன்னார். “இந்த வண்டிக்கெல்லாம் நம்மளால எண்ணெ ஊத்த முடியுமாக்கா. இத திரும்ப பைக்குல ஊத்திட்டு, அதுல கொண்டு போயிரலாம்னு...”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாம்பு கடித்த மனைவியைத் திண்ணையில் கிடத்திவிட்டு, மோட்டார் சைக்கிளின் டாங்கியில் இருந்த பெற்றோலைக் குழாய் வைத்து வாயால் இழுத்து, என் ஓட்டோவுக்காகப் போத்தலில் நிறைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வாகனம் வைத்திருக்கிற எனக்குக் காட்டுகிற மரியாதைக்காக ஓடக்கூடிய ஒரே வாகனத்தை வெறுமையாக்கிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் யார்மேல் என்று தெரிந்தது.

என் மனைவி ஜீப்பின் பின் கதவைத் திறந்து ஏறியிருந்தாள். “எடுங்கோ” என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முதல் கேட்டதில்லை.

இரண்டு வளவு தள்ளிப் போய் ஏற்றியபோது, பாம்பு கடித்த அந்த அம்மாவின் கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. மனைவி மடியில் தலையை வைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் எப்படி ஓட்டினேன் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல வாகனம்தான். பள்ளம் தெரியவில்லை. வீதி நெடுக அந்த மனிதர் பெற்றோல் போத்தலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, “எண்ணெக்கு நான் குடுத்துர்றேண்ணே, எண்ணெக்கு நான் குடுத்துர்றேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னது காதில் விழாதவன் போல ஓட்டினேன்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் கஷ்டம் என்றார் தாதி. அந்த அம்மா இரண்டு கிழமை கிடந்து எழும்பி வந்தார். கால் மட்டும் பழையபடி ஊன்றவில்லை.

திரும்பி வரும்போது நாங்கள் இரண்டு பேரும்தான். மனைவி இப்போது முன் ஆசனத்தில் இருந்தாள். எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தது. பரந்தனில் செற்றில் நிறுத்தி, கையில் இருந்த காசு முழுவதுக்கும் டீசல் அடித்தேன். முள் அசைந்ததா என்று சந்தேகமாக இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான்தான் கதையைத் தொடங்கினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான்.

“அவர் கேட்டிருந்தால் நான் ஏத்தியிருப்பன். வாயைத் திறந்து கேக்கேல்லையே அவர்.”

அவள் வீதியைப் பார்த்தபடியே இருந்தாள். கோபமே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

“நானும் தான் கேக்கேல்லை.”

நான் கியரை மாற்றினேன்.

“ஏன் கேக்கேல்லை எண்டு நீங்கள் ஒருநாளும் யோசிக்கேல்லையோ? கேட்டால் மாட்டன் எண்டு சொல்லுவீங்கள். அது எனக்கு வடிவாத் தெரியும். உங்கட வாயால அதைக் கேட்டுப்போட்டு, பிறகு உங்களோட எப்பிடி நான் சீவிக்கிறது? அதுதான் கேக்கேல்லை.”

இல்லை, ஏற்றியிருப்பேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். பகலில் ஒழுங்கையில் பத்து அடி நடந்துபோன மனிதரின் முதுகை அவளும் பார்த்திருக்கிறாள். வீதியைப் பார்த்து ஓட்டினேன். 

அடுத்த நாள் காலை ஜீப்பைக் கொண்டுபோய்க் கராஜில் விட்டேன். திறப்பை நீட்டியபோது அவன் ஆச்சரியப்படவில்லை.

“எண்ணெய்தானே பிரச்சினை, அண்ணை?”

“ஓம்” என்றேன்.

ஊரில் கேட்கிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆசைதான், ஆனால் எண்ணெய்ச் செலவு கட்டாது என்று. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அவள் பக்கத்தில் இருந்தால் அதைச் சொல்வதில்லை.