விரிசல் விட்ட முட்டை

மனைவிக்குத் தினமும் ஒரு முட்டை கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மகனுக்கு ஷூ கம்பெனியில் வாரம் மூன்று நாள்தான் வேலை என்றான பிறகு, அந்த ஒரு முட்டையையும் யோசித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

விரிசல் விட்ட முட்டை பாதி விலைக்குக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, இன்று காலை ஆம்பூர் கடைத்தெருவுக்குப் போனேன். கேட்க வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கூட்டம் குறையும்வரை முட்டைக் கடை ஓரமாக நின்றேன்.

“இன்னா சார் வேணும்?” என்றார் கடைக்கார பாய்.

“விரிசல் விட்டது இருந்தா... ஒரு ஆறு.”

“நாய்க்கா சார்?”

என் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்து அப்படிக் கேட்டிருப்பார்.

“ஆமாம்” என்று சொல்லிவிட்டேன்.

“நாய்க்குன்னா இல்ல சார். கம்பெனில வேலை கம்மியானதுலேர்ந்து புள்ளைங்களுக்குன்னு கேட்டு வர்றாங்க. அவங்களுக்கே பத்தல. தப்பா எடுத்துக்காதீங்க.”

அவர் சொன்னது நியாயம்தான். கூடையில் ஏழெட்டு இருந்ததைப் பார்த்தேன். ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வீடு திரும்பினேன்.

“முட்டை எங்கங்க?” என்றாள் மனைவி.

“தீர்ந்துபோச்சாம்.”

நாளை மறுபடியும் போக வேண்டும். எங்கள் வீட்டில் நாயே கிடையாது என்று பாயிடம் எப்படி ஆரம்பிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாய்க்கு என்ன பெயர் என்று மட்டும் கேட்காதீர்கள்.