புறங்கைச் சூடு

தனுஷ்கோடி அண்ணன் லேபைப் பூட்டுமுன் ஒவ்வொரு கம்ப்யூட்டர் பெட்டியின் மேலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. குளிர்ந்திருந்தால் ஸ்விட்சை அணைப்பார். சூடாயிருந்தால் விட்டுவிடுவார். முதுகலை சேர்ந்த நாளிலிருந்து ஏழு வருடமாக ஜெபா இதைப் பார்த்திருக்கிறாள். ஜன்னலோரப் பெட்டி எப்போதும் சூடாகவே இருக்கும். அது அவளுடைய ஆராய்ச்சிக் கணக்கு ஓடும் பெட்டி.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, மெயின் ரோட்டோரம் இருக்கும் கல்லூரியில் அவர் கணிதத்துறை லேப் உதவியாளர். சுந்தரபாண்டியத்திலிருந்து சைக்கிளில் வருவார். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும், நீங்கள் அப்படி என்னதான் படிக்கிறீர்கள் என்று ஜெபாவிடம் முதலில் கேட்டவர் அவர்தான். அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். அங்கே யாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.

கிரீன்லாந்தில் கிலோமீட்டர் கணக்கான தடிமனில் பனிப்பாளம் கிடக்கிறது, தன் எடை தாங்காமல் அது கடலைப் பார்த்து நகர்கிறது, அடியில் ஈரம் கண்ட இடத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது என்று சொன்னாள். அடித்தரையை யாரும் நேரில் பார்க்க முடியாது. மேலே பனி நகரும் வேகம் செயற்கைக்கோள் வழியாகத் தெரியும். அதை வைத்து, கீழே எங்கே பிடிப்பு, எங்கே வழுக்கல் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓர் ஊகத்தைப் போட்டு, வேகம் ஒத்துவராவிட்டால் மாற்றி, மறுபடி போட்டு, நாள்கணக்கில் பெட்டி ஓடும்.

“பனிக்கட்டிக் கணக்குங்கிறிய. பெட்டி என்னத்துக்கு இட்லிக் கொப்பரை மாதிரிக் கொதிக்குது?” என்றார். அன்றிலிருந்து வணக்கத்துக்குப் பதில், ஐஸ் எம்புட்டு நகர்ந்தது என்ற விசாரிப்புதான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆகஸ்டில், கடைசி ஓட்டம். பதினோரு நாள் ஓட வேண்டும். ஆய்வேட்டை மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவே ரத்தாகிவிடும். வேகமாக முடியட்டும் என்று, இடையிடையே விடைகளைச் சேமிக்கும் வரிகளை ஜெபா நீக்கிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

“பாப்பா, நாளைக்கு மாசாந்திரக் கரண்டு கட்டு. ஒம்பது மணிக்குப் போனா அஞ்சு மணிக்குத்தான் வரும். பேட்டரி ஒரு மணி நேரந்தான் தாங்கும், பாத்துக்கிடுங்க.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சரிண்ணே என்றாள். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

மறுநாள் பத்து மணிக்குப் பெட்டி அணைந்தது. ஒன்பது நாள் ஓட்டமும் போயிற்று. அவளுடைய வழிகாட்டி பென்சன் சார் லேபுக்கே வந்து, கரண்டு போவது தெரியாதா என்று கேட்டார். அவளுக்கு நாக்கு முந்திக்கொண்டது.

“யாரும் சொல்லலை சார்.”

சொன்னவர் கதவோரம் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். சார் அவர் பக்கம் திரும்பினார்.

“மறந்துட்டேன் சார்” என்றார் அண்ணன்.

அவருக்கு மெமோ வந்தது. சாவி வேறு கைக்குப் போனது. அவரைச் சைக்கிள் ஸ்டாண்டு வேலைக்கு மாற்றினார்கள். ஊழியர் தவறால் நேர்ந்த இழப்பு என்று எழுதி, சார் ஜெபாவுக்கு மூன்று மாத அவகாசம் வாங்கிக் கொடுத்தார்.

மறுவாரம் அவள் ஸ்டாண்டுக்குப் போய், சாரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். அவர் டோக்கன்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார்.

“இப்பச் சொன்னா கொடுத்த அவகாசத்தப் புடுங்கிருவாவ. முதல்ல முடிங்க. பொறவு சொல்லிக்கிடலாம்.” அடுத்த டோக்கனைக் கோத்துக்கொண்டே, “ஐஸு நகருதா?” என்றார்.

அந்தப் ‘பொறவு’ காதில் விழுந்ததும் தனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவர் விட்டுக்கொடுத்தாரா, அவள் வாங்கிக்கொண்டாளா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கணக்கு முடிந்தது. பட்டம் வந்தது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் ‘லேப் உதவிக்கு’ என்று அவர் பெயரையும் போட்டாள். அவர் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்தே ஓய்வு பெற்றார், மெமோவோடு.

ஜெபா இப்போது ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவள் ஏறும் பஸ் தினமும் பழைய கல்லூரி வாசலில் நின்றுதான் போகிறது. வேப்பமரத்தடியில் பென்சன் சாரின் பைக் நிற்பது ஜன்னல் வழியே தெரியும். அவள் இன்னும் ஒரு நாளும் அங்கே இறங்கவில்லை.